முதுகில் நாலரை லிட்டர்

மலையேறக் கிளம்புவதற்கு முந்தின இரவு, கோலாலம்பூரில் எங்கள் செந்தூல் வீட்டுக் கூடத்தில் எடை மெஷினைப் போட்டு அதன்மேல் என் பையை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தேன். 12.3 கிலோ காட்டியது. கூடாரத்தில் என் பங்கு, தூங்கும் பை, நான்கு நாள் அரிசி, நெத்திலி சம்பல், மாற்றுத்துணி ஒரு செட் எல்லாம் அதில் அடக்கம். தண்ணீர் மட்டும் இல்லை. காலி பாட்டில் ஒன்றும், குழாய் வைத்த 3 லிட்டர் தண்ணீர்ப் பையும் ஓரமாகக் கிடந்தன.

அம்மா சோபாவில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டே பார்த்தார்.

"தண்ணிக்கு எதுக்குடி இவ்வளவு? மலைக்குத்தானே போற? அங்க இல்லாத தண்ணியா?"

அம்மா அப்படிக் கேட்டதில் தப்பே இல்லை. அவர் பிறந்தது கேமரன் மலையில், புளூவேலி தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், 1958ல். பாட்டி கொழுந்து எடுத்தார். பள்ளி விட்டு வந்ததும் அம்மாவுக்கு இருந்த வேலை தண்ணீர் தூக்குவது. லயத்துக்குப் பின்னால் மேட்டிலிருந்து ஓர் ஓடை இறங்கும்; மூங்கிலை இரண்டாகப் பிளந்து அதில் தண்ணீரைத் திருப்பி விட்டிருப்பார்களாம். மண்ணெண்ணெய் டின்னில் பிடித்துத் தலையில் வைத்து, நான்கு நடை. "அந்தத் தண்ணியக் குடிச்சா பல்லு கூசும்டி" என்பார். சின்ன வயதில் இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை.

அந்த ஓடை எந்த மலையிலிருந்து வந்தது என்று கேட்டால் அம்மாவுக்குப் பெயர் தெரியாது. "பெரிய மலை" என்பார். மேலே யாராவது போயிருக்கிறார்களா? "நம்ம ஆளுங்க எதுக்குப் போகப்போறாங்க? காலையில பெரட்டு, சாயங்காலம் நிறுவை. மலைய நிமிர்ந்து பாக்கவே நேரம் கிடையாது." பெரட்டு என்றால் காலையில் ஆள் எண்ணி வேலை பிரிப்பது, நிறுவை என்றால் பறித்த கொழுந்தை எடை போடுவது. 1981ல் கல்யாணமாகிக் கோலாலம்பூர் வந்தவர், அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவே இல்லை.

வரைபடத்தைப் பார்த்தால், புளூவேலிக்கு மேலே நிற்பது யோங் பெலார். 2,181 மீட்டர். கிளந்தான் மாநிலத்தின் உச்சி அதுதான். நாங்கள் போகவிருந்த பாதை அங்கே ஏறி, மலைமுதுகு வழியாகவே காயோங் சிகரத்தையும் கொர்பு சிகரத்தையும் தொட்டு, ஈப்போவுக்குப் பக்கத்தில் உலு கிந்தாவில் இறங்குகிறது. நான்கு பகல், மூன்று இரவு. நடுவில் ஊர் கிடையாது, சாலை கிடையாது, திரும்பி வரக் குறுக்குவழியும் கிடையாது. பாதி தூரம் போய்விட்டால் முன்னால் போவதும் பின்னால் போவதும் ஒன்றுதான்.

இந்த மலைகள் இருக்கும் தித்திவங்சா மலைத்தொடர் மொத்தம் ஏறக்குறைய 480 கிலோமீட்டர். தாய்லாந்து எல்லைப் பக்கம் தொடங்கி நெகிரி செம்பிலானில் ஜெலெபு வரை வருகிறது. அதைத் துண்டு துண்டாக நடந்து முடிக்கிற ஆட்கள் கேஎல்லில் (கோலாலம்பூரில்) நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு வருடம் ஒரு துண்டு, அடுத்த வருடம் இன்னொன்று. 7,000 அடிக்கு மேல் இருக்கும் ஏழு சிகரங்களை 'ஜி7' என்பார்கள். அதில் முதலாவதான தாகான் வேறு தொடரில் இருக்கிறது. மற்ற ஆறும் தித்திவங்சாவில். அந்த ஆறில் மூன்று எங்கள் பாதையில் இருந்தன. எனக்கு இது முதல் நீண்ட நடை.

பயிற்சிக்கு ஆறு மாதம் எடுத்துக்கொண்டேன். வார நாட்களில் ஆபீஸ் முடிந்து பத்துமலையின் 272 படிகள். பையில் தண்ணீர் நிரப்பிய ஒன்றரை லிட்டர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டு ஏறி இறங்குவேன். தைப்பூசத்துக்கு அம்மா பால்குடம் எடுக்கும்போது நான் பக்கத்தில் வெறுங்கையோடு நடந்து வந்த அதே படிகள். முதல் நாள் ஆறு லிட்டரோடு ஏறி மேலே போய் நின்றபோது, குடம் தூக்கிப் போகிறவர்களின் கழுத்து ஏன் அப்படி விறைத்திருக்கிறது என்று உடம்பே சொன்னது. மாதத்துக்கு ஒருமுறை உலு லங்காட் போய் நுவாங் மலை. 1,493 மீட்டர். மூச்சு வாங்கும் ஏற்றம் வருவதற்கு முன்னால் ஒரு நீண்ட மண்சாலை. அதிலேயே பாதிப் பேர் மனம் தளர்ந்துவிடுவார்கள்.

மலையேறிகள் எல்லாரும் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கால் வலி ஆறிவிடும், குளிரைத் துணி பார்த்துக்கொள்ளும், பசியைத் தாங்கலாம். அந்த மலைமுதுகில் தண்ணீர் இல்லை.

இதை என்னால் நம்பவே முடியவில்லை. ஈப்போ குடிப்பது இந்த மலைத் தண்ணீர். கிளந்தான் ஆறும் பகாங் ஆறும் பேராக் ஆறும் இந்த மலைகளின் கிளைகளைச் சேர்த்துக்கொண்டுதான் பெரிதாகின்றன. அப்படிப்பட்ட மலையின் தலையில் குடிக்க ஒரு வாய் இல்லையென்றால் எப்படி? அம்மா கேட்ட அதே கேள்விதான் எனக்கும்.

யோசித்தால் விஷயம் எளிது. தண்ணீர் நிற்பதற்கு ஒரு பள்ளம் வேண்டும், ஓடுவதற்கு மேலே கொஞ்சம் நிலம் வேண்டும். முகட்டுக்கு மேலே நிலமே இல்லை. பெய்கிற மழை அங்கேயே நின்றுகொண்டிருப்பதில்லை, இரு பக்கமும் இறங்கிப் போய்விடுகிறது. ஐந்நூறு அறுநூறு அடி கீழே போனால்தான் அது ஓடையாகிறது. அவ்வளவு கீழே இறங்கித் தண்ணீர் பிடித்து மறுபடி ஏறி வந்தால், பிடித்ததில் பாதியை வழியிலேயே குடித்துவிட வேண்டியிருக்கும்.

சரி, பயணத்துக்கு வருகிறேன்.

வியாழக்கிழமை இரவு வேனில் கிளம்பினோம். ஆறு பேர். ரவாங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருக்கும் அக்கா, கிள்ளானில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் தம்பி இருவர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற 61 வயது பெரியண்ணன், கல்லூரிப் பையன் ஒருவன், நான். சிம்பாங் பூலாயில் நெடுஞ்சாலையை விட்டு மலைச்சாலையில் ஏறி, கம்போங் ராஜா போய்ச் சேர்ந்தபோது விடிகாலை நான்கு மணி. மாலிம், அதாவது மலை வழிகாட்டி, அங்கே காத்திருந்தார். வனத்துறை பெர்மிட்டும் மாலிமும் இல்லாமல் இந்தக் காட்டுக்குள் போக முடியாது. அவர் பேராக்கைச் சேர்ந்த மலாய்க்காரர், ஐம்பதை நெருங்கியவர். நாங்கள் அபாங், அதாவது அண்ணன், என்று கூப்பிட்டோம். கூடவே தெமியார் இளைஞர் ஒருவர். பூர்வக்குடியினரில் தெமியார் மக்களின் காடு இது, பேராக் பக்கமும் கிளந்தான் பக்கமும். அவர் பேசியது மிகக் குறைவு. ஆனால் நான்கு நாளும் எல்லாருக்கும் முன்னால் நடந்தவர் அவர்தான்.

ஜீப்பில் புளூவேலிக்குள் போகும்போது வெளுக்க ஆரம்பித்தது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து லயத்தைத் தேடினேன். தேயிலை கொஞ்சம் தெரிந்தது. மற்றபடி எங்கே பார்த்தாலும் பிளாஸ்டிக் கூரை. முட்டைக்கோசும் தக்காளியும் பூக்களும் அதற்குள் வளர்கின்றன. சரிவுகளை வெட்டிப் படி படியாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக வெள்ளைக் கூரைகள் காட்டின் விளிம்பு வரைக்கும் போய்விட்டன. மழை பெய்தால் வெட்டிய மண் எங்கே போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். கீழே ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் வண்டல் சேர்ந்துகொண்டே போவது பல வருடக் கதை. இதைச் சும்மா பார்த்துக்கொண்டு போக என்னால் முடியவில்லை. காய்கறி நாமும்தான் சாப்பிடுகிறோம், விவசாயிக்கும் பிழைப்பு வேண்டும், எல்லாம் சரி. காட்டு விளிம்பை இன்னும் ஒரு அடிகூட மேலே தள்ளக்கூடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஜீப் நின்ற இடத்திலிருந்து கறுப்புப் பைப்புகள் காட்டுக்குள் போயின. ஒன்றிரண்டு அல்ல, கட்டுக்கட்டாக. நடைபாதையும் அவற்றோடுதான் போகிறது. பைப்பின் ஒவ்வொரு மூட்டிலும் மெல்லிய ஊசித்துளையில் தண்ணீர் பீச்சிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு சிறிய தேக்கம் வந்தது, அதற்கும் மேலே பைப்புகள் முடிந்து ஓடை மட்டும் இருந்தது. தெமியார் தம்பி குனிந்து கையில் அள்ளிக் குடித்தார். அம்மா சொன்ன ஓடையின் தலை இதுவாக இருக்கலாம், இதற்கு அடுத்த மடுவில் ஓடுவதாகவும் இருக்கலாம். நானும் இரண்டு கை அள்ளிக் குடித்தேன். இரவெல்லாம் வேனில் காப்பியும் தண்ணீரும் குடித்த வயிறு, தாகமே இல்லை. குளிர்ந்த தண்ணீர், அவ்வளவுதான். ஏதோ ஒரு கடமையை முடித்ததுபோல் கையைத் துடைத்துக்கொண்டு நடந்தேன்.

இந்தப் பாதையின் கெம்களுக்கு, அதாவது இரவு தங்கும் இடங்களுக்கு, வைத்திருக்கும் பெயர்கள் எனக்குப் பிடித்தவை. ஒன்று துடோங் பெரியோக், பானை மூடி. இன்னொன்று காசூட், சப்பாத்து. யாரோ மறந்துவிட்டுப் போன பானை மூடி, யாரோ கழற்றிப் போட்ட சப்பாத்து. காட்டில் மனிதர்கள் விட்ட தடம் அவ்வளவே என்று நினைத்துக்கொண்டேன். முதல் நாள் இரவு ஒரு கெம்மில் தங்கி, மறுநாள் காலையில் அபாங் காட்டிய கடைசி நல்ல ஓடையில் எல்லாவற்றையும் நிரப்பினோம். 'நாளை மறுநாள் கொர்பு இறங்கும்வரை இதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஊற்று கிடைத்தால் அதிர்ஷ்டம்' என்றார். நான் நாலரை லிட்டர் எடுத்தேன். பை ஏறக்குறைய 17 கிலோ ஆனது. தூக்கி முதுகில் போட பெரியண்ணன் பின்னாலிருந்து கைகொடுக்க வேண்டியிருந்தது.

யோங் பெலார் உச்சியில் மேகம் மூடியிருந்தது. நில அளவைக்காரர்கள் நட்ட இரும்புக் குறியைத் தொட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு பேரீச்சம்பழம் தின்றுவிட்டுக் கிளம்பினோம். அதற்கு மேல்தான் நிஜமான வழி.

அதை எப்படிச் சொல்வது. அங்கே தரை என்று ஒன்று இல்லை. மரங்கள் நம் தோளுக்கும் தலைக்கும் நடுவில் நின்றுவிடுகின்றன, கிளைகள் வளைந்து முறுகி ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. வேர்கள் மண்ணுக்கு மேலேயே வலை போட்டிருக்கின்றன. அந்த வலைமேல் பாசி, பாசிமேல் பாசி, முழங்கால் ஆழத்துக்கு. காலை வைத்தால் சில இடங்களில் தாங்கும், சில இடங்களில் தொடை வரைக்கும் உள்ளே போகும். நடப்பது பாதி நேரம், மற்றபடி கிளையைப் பிடித்துத் தொங்கி இறங்குவதும், குனிந்து பையை இழுத்துக்கொண்டு தவழ்வதும்தான். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பச்சையில் இத்தனை வகை இருக்கிறதா என்று ஆச்சரியமாக இருந்தது: எலுமிச்சைப் பச்சை, கரும்பச்சை, துரு ஏறிய பச்சை, நரைத்த பச்சை. குடுவைச் செடிகள் பாசிக்கு மேல் வாயைத் திறந்து நின்றன. அவற்றில் ஓர் இனம், நெப்பந்தஸ் மெக்ஃபார்லேனி, தீபகற்ப மலேசியாவின் மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. பெரியோக் கெரா, குரங்குப் பானை என்று மலாயில் சொல்வார்கள்.

இங்கே மழை பெய்யாத நேரத்திலும் எல்லாம் நனைந்திருக்கிறது. மேகம் மரங்களுக்குள் புகுந்து போகிறது. போகும்போது இலையிலும் பாசியிலும் துளியாக ஒட்டிக்கொள்கிறது. பாசி அதைப் பஞ்சுபோல் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடுகிறது. வாரக்கணக்கில் மழை இல்லாவிட்டாலும் அடிவாரத்து ஓடைகள் வற்றாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தப் பாசிக்காட்டை வெட்டினால் மழை அதே அளவு பெய்தாலும் பெய்கிற அன்றே வெள்ளமாக இறங்கிவிடும், மறுவாரம் ஓடை காயும். இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஆனால் ஒரு கைப்பிடிப் பாசியைப் பிழிந்து, விரலிடுக்கில் தேயிலைச் சாயம்போன்ற பழுப்புத் தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்தது வேறு. சுற்றிலும் இத்தனை தண்ணீர், நான் குடிக்கப் பிழிந்தால் ஒரு வாய்கூடத் தேறவில்லை.

அன்று மதியம் இரண்டு மணி இருக்கும். முதுகு ரொம்ப ஈரமாக இருந்தது. வியர்வை என்று நினைத்தேன். தொடைக்குப் பின்னால் வழிந்து சப்பாத்துக்குள் இறங்கியபோதுதான் நின்றேன். பையை இறக்கித் திறந்தால், தண்ணீர்ப் பையின் ஓரத் தையலில் விரல்நீளக் கிழிசல். தவழ்ந்து போகும்போது ஏதோ ஒரு குச்சி பையோடு சேர்த்துக் குத்தியிருக்கிறது. மூன்று லிட்டரில் மிஞ்சியது ஒரு டம்ளர். தூங்கும் பையின் ஒரு பக்கம் முழுக்க ஈரம். பாட்டிலில் பாதி இருந்தது, அவ்வளவுதான். இன்னும் ஒன்றரை நாள் வழி.

எனக்கு அழுகை வந்துவிட்டது. களைப்பு ஒரு பக்கம். என்னால் மற்றவர்களுக்கும் கஷ்டம் என்பது இன்னொரு பக்கம். யாரும் எதுவும் சொல்லவில்லை. டீச்சர் அக்கா என் கையிலிருந்த பாட்டிலை வாங்கினார். தன் பாட்டிலைத் திறந்து கொஞ்சம் ஊற்றினார். பக்கத்திலிருந்த பட்டறை அண்ணனிடம் நீட்டினார். அவர் ஊற்றித் தம்பியிடம் கொடுத்தார். பையன் ஊற்றினான். பெரியண்ணன் ஊற்றும்போது கை நடுங்கி இரண்டு சொட்டு பாசியில் விழுந்தது. அந்த இரண்டு சொட்டை எல்லாரும் பார்த்தோம். அபாங், தெமியார் தம்பி. ஒரு சுற்று வந்து என் கைக்குத் திரும்பியபோது பாட்டில் கழுத்துவரை நிறைந்து, இன்னொரு சின்ன பாட்டிலிலும் பாதி ஏறியிருந்தது.

"குடி. இப்பவே கொஞ்சம் குடி" என்றார் அக்கா. "வெச்சி வெச்சிக் குடிக்காம போயி மயக்கம் போட்டா அதான் கஷ்டம்."

2020 செப்டம்பர் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. கேஎல்லில் இருப்பவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சிலாங்கூர் ஆற்றில் கழிவு கலந்து நாற்றம் வந்து, நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கக் குழாய் காய்ந்தது. நாங்கள் இருப்பது லிப்ட் இல்லாத ஐந்து மாடி பிளாட்; நான்காவது மாடி. லாரி வரும், வரிசை நிற்கும், வாளியோடு படியேற வேண்டும். நான் தூக்கிய வாளியில் பாதி, படியில் சிந்தியது. அம்மா கறிவேப்பிலைச் செடியிலிருந்து ஒரு கொத்தை ஒடித்து வாளித் தண்ணீர்மேல் போட்டார். "இது மெதந்தா அலை எழும்பாது. தோட்டத்துல அப்படித்தான் தூக்குவோம்." அப்புறம் ஒரு சொட்டும் சிந்தவில்லை. 62 வயதில் அவர் ஒரு நாளைக்கு ஆறு வாளி தூக்கினார். அதில் ஒன்றை எதிர்வீட்டு ஆயாவின் வாசலில் வைத்துவிட்டுத்தான் எங்கள் கதவைத் திறப்பார். அந்த ஆயாவால் கீழே இறங்க முடியாது. அவர் கேட்கவும் இல்லை, அம்மா சொல்லவும் இல்லை.

அன்று சாயங்காலம் ஒரு சேணத்தில், இரண்டு மேடுகளுக்கு நடுவிலிருந்த தாழ்வில், கெம் போட்டோம். தெமியார் தம்பி காலிப் பாட்டில்களை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கிப் போனார். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது எல்லாம் சேர்த்து இரண்டு லிட்டர் இருந்தது. பாறையிடுக்கில் சொட்டுவதை இலையை மடித்துப் பிடித்ததாகச் சொன்னார். சோற்றுக்கு அது போதும். தட்டு கழுவத் தண்ணீர் இல்லை, பாசியால் துடைத்தோம்.

இரவு எட்டு மணிக்கு மழை பிடித்தது. பட்டறைத் தம்பிதான் முதலில் வெளியே ஓடினான். கூடாரத்துக்கு மேலே கட்டும் பிளைஷீட்டின் ஒரு மூலையை அவிழ்த்துத் தாழக் கட்டி, கீழே சட்டியை வைத்தான். நிறைந்தது. அடுத்த சட்டி. அப்புறம் மூடி, டம்ளர், காலி மேகி பாக்கெட். ஆறு பேரும் தலைவிளக்கைப் போட்டுக்கொண்டு மழையில் நின்று பாட்டில்களுக்கு மாற்றினோம். குளிர் பத்துப் பன்னிரண்டு டிகிரி இருக்கும், பற்கள் அடித்துக்கொண்டன, ஆனால் யாருக்கும் உள்ளே போக மனமில்லை. பிளாஸ்டிக் வாசம் அடித்த அந்தத் தண்ணீரில் பெரியண்ணன் போட்டுக்கொடுத்த இஞ்சித் தேநீரை நான் மறக்கமாட்டேன்.

என் தூங்கும் பை ஈரம். அக்கா தன்னுடையதன் ஜிப்பைத் திறந்து இருவருக்கும் போர்வையாக்கினார். தூக்கம் வரவில்லை. மழை கூடாரத்தின் இரு பக்கமும் வழிவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். வலப்பக்கம் இறங்குவது நெங்கிரி ஆற்றுக்குப் போய், கிளந்தான் ஆறாகித் தென்சீனக் கடலில் சேரும். இடப்பக்கம் இறங்குவது கிந்தா ஆறாகி, பேராக் ஆறாகி மலாக்கா நீரிணைக்குப் போகும். நாங்கள் ஏறி வந்த புளூவேலிப் பக்கத்துத் தெலோம் ஆற்றின் தண்ணீர் இயல்பாகப் பகாங்கோடு கிழக்கே போக வேண்டியது; 1963ல் முடிந்த கேமரன் மலை மின்திட்டம் அதைச் சுரங்கத்தில் திருப்பி, ரிங்லெட்டில் தேக்கி, மின்சாரம் எடுத்து, மேற்கே பேராக் பக்கம் இறக்கிவிட்டது. கேஎல்லுக்கு வேண்டிய தண்ணீர் இப்போது பகாங்கின் செமந்தான் ஆற்றிலிருந்தும் வருகிறது. இதே மலைத்தொடரின் தெற்குப் பகுதியை அடியில் குடைந்து 44.6 கிலோமீட்டர் சுரங்கம் வெட்டி உலு லங்காட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். தென்கிழக்காசியாவில் இவ்வளவு நீளமான தண்ணீர்ச் சுரங்கம் வேறில்லை. பாறைக்கு அடியில் சில இடங்களில் ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஆழத்தில் அது போகிறது. செந்தூலில் குழாயைத் திருகும்போது இதில் ஒன்றும் எனக்குத் தெரிந்ததில்லை. நாலரை லிட்டர் என்பது எங்கள் வீட்டுக் கழிப்பறையில் ஒருமுறை இழுத்துவிட்டால் போகிற அளவு.

மூன்றாம் நாள் விடியலில் சியாமாங் கத்தியது. கறுப்பு நிற வாலில்லாக் குரங்கு வகை, பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று தொடங்க, இந்தப் பக்கத்திலிருந்து இன்னொன்று எடுத்துக்கொடுத்தது. மேகம் கலைந்திருந்தது. கிழக்கே கிளந்தானுக்குள் மலைக்குப் பின் மலையாக நீலம், கடைசிவரை வீடோ கிராமமோ ஒன்றுமில்லை. கல்லூரிப் பையன் போனை எடுத்தான், படம் பிடிக்காமல் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

கூனோங் ஜங்ஷன் என்ற இடத்தைத் தாண்டி காயோங் ஏற்றம். அது பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஏறினோம், ஏறினோம், மதியம் தாண்டி 2,173 மீட்டர் உச்சி வந்தது. காயோங்கிலிருந்து கொர்பு ரொம்பத் தூரமில்லை, ஒரு பள்ளம் இறங்கி ஏற வேண்டும். வெளிச்சம் போகிற நேரத்தில் கொர்பு உச்சியில் நின்றோம். 2,183 மீட்டர். தீபகற்பத்தில் இரண்டாவது. முதலாவதான தாகானுக்கும் இதற்கும் நான்கே மீட்டர் வித்தியாசம். மேற்கே ஈப்போவின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து, கொஞ்ச நேரத்தில் முழுப் பள்ளத்தாக்கும் மின்னியது. பெரியண்ணன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ரயிலில் முப்பது வருடம் அந்த ஊரைக் கடந்து போயிருக்கிறாராம். "ஸ்டேஷன்ல இருந்து இந்த மலையப் பாத்திருக்கேன்மா. இங்க இருந்து ஸ்டேஷனப் பாப்பேன்னு நெனைக்கல" என்றார்.

அன்றிரவு எங்கள் எட்டுப் பேரிடமும் சேர்த்து ஐந்து லிட்டர் இருந்தது. இரண்டரை லிட்டரில் மேகி. மீதி, காலையில் ஆளுக்கு ஒரு டம்ளர்.

கொர்பு இறக்கம் 1,500 மீட்டருக்கும் அதிகம். முட்டி கழன்றுவிடும்போல் செங்குத்து. ஒரு டம்ளர் தண்ணீர் காலை ஒன்பது மணிக்கே தீர்ந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்ட ஆரம்பித்தது. யாரும் பேசவில்லை. பாசி குறைந்து, மரங்கள் உயர்ந்து, மூங்கில் வர ஆரம்பித்தது. அட்டைகள் மறுபடியும் காலில் ஏறின. தட்டிவிடக் குனிவதற்கும் மனமில்லை. அப்போது முன்னால் போன தெமியார் தம்பி நின்று, காதைக் காட்டினார்.

எங்களுக்கு முதலில் ஒன்றும் கேட்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றபின், வெகு கீழே, யாரோ அரிசி களைவதுபோல் ஒரு சத்தம்.

அதற்குப் பிறகு அரைமணி நேரம். கடைசிப் பத்தடியில் பையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பாறைமேல் குப்புறப் படுத்து வாயை வைத்தேன். எலிக்காய்ச்சல், கொதிக்க வைப்பது எதுவும் நினைவில் இல்லை. அபாங் திட்டினார், அது நியாயம்தான், நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். முதல் மிடறிலேயே முன்பல் இரண்டும் சுரீரென்று கூசி, கூச்சம் நெற்றிவரை ஏறியது. வாயை எடுத்தேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே கொஞ்ச நேரம் கிடந்தேன்.

மாலை நான்கு மணிக்கு அடிவாரம். சிற்றாறு ஒன்று அகலமாக, முழங்காலளவு ஓடியது. இந்தத் தண்ணீரெல்லாம் சேர்ந்துதான் கீழே உலு கிந்தா அணைக்குப் போய், அங்கிருந்து ஈப்போவின் குழாய்களுக்குப் போகிறது. சப்பாத்தைக் கழற்றிக் காலை ஊறவைத்துக்கொண்டிருந்தபோது போன் நான்கு நாளுக்குப் பிறகு உயிர்பெற்று விடாமல் அதிர்ந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன்.

"பசியாறினியா?" என்றார் முதலில். சாயங்காலம் நான்கு மணிக்கும் அம்மாவுக்கு அதுதான் முதல் கேள்வி.

"இனிமேதான்மா."

"லயத்தப் பாத்தியா?"

"தேடினேன்மா. கண்ணுல படல. எல்லாம் காய்கறித் தோட்டமா இருக்கு. ஓடை இருக்கு."

"குடிச்சியா?"

"குடிச்சேன். அப்போ ஒண்ணும் தெரியலம்மா. இன்னிக்கி இந்தப் பக்கம் எறங்கும்போது ஒரு ஓடையில குடிச்சேன். அங்கதான் பல்லு கூசிச்சு. நீங்க சொல்ற மாதிரியே."

அந்தப் பக்கம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"எனக்கு ஒரு பாட்டில் புடிச்சிட்டு வா" என்றார் அம்மா.

வேன் வந்து, பட்டறை அண்ணன் எல்லார் பைகளையும் ஏற்றிக்கொண்டிருந்தார். என் பை காலியாகி, தோளில் இருப்பதே தெரியாத அளவுக்கு லேசாக இருந்தது. ஒன்றரை லிட்டர் பாட்டிலை மட்டும் உருவிக்கொண்டு, வெறுங்காலோடு, நாங்கள் வந்த பாதையில் மறுபடி ஏறினேன். இங்கே ஆற்றில் எல்லாரும் இறங்கிக் குளிக்கிறார்கள். அந்த ஓடைக்கு இருபது நிமிஷம் ஏற்றம்.